இல்லமே முதற் கோவில்: தருமபுரிப் பகுதியில் கிறித்தவ நம்பிக்கையும் குடும்பத் தமிழும்

1. தோற்றுவாய்

தகடூர் எனப் பண்டு வழங்கிய தருமபுரி, தமிழிலக்கிய வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். அதியமான் நெடுமான் அஞ்சி, தனக்குக் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தானுண்ணாது ஔவையார்க்கு ஈந்தான் என்னும் செய்தியைக் கற்றோரும் மற்றோரும் அறிவர். தனக்கு நலம் பயப்பது எனத் தெளிந்த ஒன்றைத் தானே வைத்துக்கொள்ளாது, தான் மதிப்பவர்க்கு அளித்தலே அவ்வரலாற்றின் உயிர்நிலை. சமய நம்பிக்கையைப் பகிர்தலும் அத்தகையதொரு செயலே. தம் வாழ்வுக்கு உறுதி தந்தது எனத் தாம் கண்ட ஒன்றைத் தம் மக்கட்கும் சுற்றத்தார்க்கும் கையளிக்க விழைவது மாந்தர் இயல்பு. அங்ஙனம் கையளிக்கும் இடங்களுள் முதன்மையானது இல்லம்.

தருமபுரிப் பகுதிக் கிறித்தவக் குடும்பங்களில் இந்நம்பிக்கை எவ்வாறு வழிவழியாக வந்தது, அதற்குத் தமிழ் எவ்வாறு கருவியாயிற்று, இன்று அவ்வழக்கம் எந்நிலையில் நிற்கின்றது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். ஈண்டுத் தருமபுரிப் பகுதி என்பது, 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்து உருவான பழைய தருமபுரி மாவட்டத்தைக் குறிக்கும். அதனின்றும் கிருட்டினகிரி மாவட்டம் 2004-இல் தனியே பிரிந்தது. இவ்விரு மாவட்டங்களும் இன்று கத்தோலிக்கத் தருமபுரி மறைமாவட்டத்தில் அடங்கும்.

2. குருமார் அருகிய நிலம்

இப்பகுதியின் சமய வரலாற்றை அறிய அதன் இடவமைதியை முதற்கண் நோக்குதல் வேண்டும். இது தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றோடொன்று கலந்து வழங்கும் எல்லை நிலம். இயேசு சபையாரின் மதுரை மறைப்பணிக் களத்துக்கும் மைசூர் மறைப்பணிக் களத்துக்கும் இடைப்பட்டது. தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி அடிகள் 1623-இல் மதுரையினின்றும் வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தடைந்தார். சேலம் நாட்டில் கிறித்தவம் வேர்கொண்டமைக்கு அப்பயணமே தொடக்கம் எனலாம். கோவிலூர், எலத்தகிரி முதலிய ஊர்கள் இப்பகுதியின் பழைய கத்தோலிக்கக் குடியிருப்புகளாக அறியப்படுகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி இம்மக்கட்குக் கடுஞ்சோதனைக் காலமாயிற்று. 1773-இல் திருத்தந்தையின் ஆணையால் இயேசு சபை கலைக்கப்பட்டது. அதனால் குருமார் எண்ணிக்கை பெரிதும் குன்றிற்று. பாரிசு வேற்றுநாட்டு மறைப்பணிச் சபையார் 1776-இல் அப்பொறுப்பை ஏற்றனராயினும், பரந்து கிடந்த ஊர்கட்கு அவர்கள் தொகை போதியதாக இல்லை. மைசூர்ப் போர்கள் வேறு இந்நிலத்தை அலைக்கழித்தன. பாராமகால் எனப்பட்ட இப்பகுதி 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. அவ்வாண்டிலேயே இந்தியா வந்த துபுவா அடிகள், 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டிற் பணியாற்றி, 1823-இல் தம் தாயகம் திரும்பினார். இந்நாட்டிற் கிறித்தவம் தேய்ந்து வருகின்றதென்றும், இங்கு அது தழைக்குமென்னும் நம்பிக்கை தமக்கு இல்லையென்றும் அவர் அவ்வாண்டில் இலண்டனில் வெளியிட்ட மடல்களில் எழுதினார்.

நேரிற் கண்டு முப்பதாண்டுகள் உழைத்த ஒருவர் கூற்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும், பின் நிகழ்ந்தவை வேறாயின. 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருப்பெற்றது. அதனின்றும் 1997 சனவரி 24-ஆம் நாள் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. தருமபுரியிலுள்ள திரு இருதய ஆலயம் அதன் தலைமைக் கோவிலாயிற்று. சீர்திருத்தச் சபையாருள் இலண்டன் மறைப்பணிச் சபையார் 1827-இல் சேலத்தில் தம் பணியைத் தொடங்கினர். அவ்வழி வந்த சபைகள் 1947-இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. தேய்ந்தொழியும் எனக் கருதப்பட்டது தேயாது நின்றமைக்குக் காரணம் யாது? குருமார் மீண்டும் மிகுதியாக வந்தமை ஒரு காரணமே. ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருக்க அங்கு ஏதேனும் ஒன்று எஞ்சியிருத்தல் வேண்டுமன்றோ? அங்ஙனம் எஞ்சியிருந்தது குடும்பங்களின் நாவில் நிலைத்த தமிழ்ச் செபம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

3. கோவிலில் இலத்தீன், இல்லத்தில் தமிழ்

கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டின் வாயிலாகத் தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்தது. அதற்கு முன்னர்ப் பூசையின் மந்திரங்கள் இலத்தீன் மொழியிலேயே ஓதப்பட்டன. மறையுரையும் மக்கள் பாடும் பாட்டும் தமிழில் இருந்தன. குரு பீடத்தில் இலத்தீனில் ஓதிக்கொண்டிருக்க, மக்கள் தாமறிந்த தமிழ்ச் செபங்களைத் தாழ்ந்த குரலிற் சொல்லிக்கொண்டிருப்பதும் வழக்கமே. அச்செபங்களை அவர்கள் கற்றது எங்கே? பெரும்பாலும் வீட்டில், ஓரளவு உபதேசியாரிடத்தில்.

ஆகவே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள், கத்தோலிக்க நம்பிக்கை முழுமையாகத் தமிழ் பேசிய இடம் கோவிலினும் இல்லமே எனலாம். அந்தி மயங்கி விளக்கேற்றிய பின்னர், வேலை முடித்து வந்தோர் கைகால் கழுவி, திண்ணையிலோ நடுவீட்டிலோ அமர்வர். சிலுவை அடையாளம் வரைந்து, விசுவாசப் பிரமாணம் சொல்லி, ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை ஓதுவர். ஒருவர் முற்பகுதியைச் சொல்ல, ஏனையோர் பிற்பகுதியைச் சொல்லி முடிப்பர். முதற்பகுதியைச் சொல்லும் பொறுப்பு முறைமாறி வருமாதலின், பேசக் கற்ற சிறுவனும் ஒரு பத்து மணிக்குத் தலைவனாவான். எழுத்தறியாத பாட்டியும் எழுத்தறிந்த பேரனும் ஒரே தரத்தில் நின்று ஓதும் வழிபாடு இது.

இதன் அமைப்பை உற்று நோக்கின், எழுத்தின்றியே ஒரு நூலைக் காக்கும் முறை இதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். ஒருவர் சொல்லும் பகுதியைப் பலர் கேட்டலால் பிழை உடனே திருத்தப்படும். ஒரே செபம் பன்முறை வருதலால் மறதிக்கு இடமில்லை. நாள்தோறும் ஒரே பொழுதில் நிகழ்தலால் அது வாழ்வின் ஒழுங்கோடு பிணைந்துவிடும். வேத ஓத்தையும் தேவாரப் பண்ணையும் காத்த முறையோடு இதற்குள்ள ஒற்றுமை கருதத்தக்கது.

குரு இல்லாத விடத்துக் குடும்பத்தார் தாமே ஆற்றுதற்குரிய கடமைகளும் இருந்தன. உயிருக்கு ஊறு நேரும் நிலையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்க எவர்க்கும் உரிமையுண்டு என்பது திருச்சபையின் நெறி. ஆதலின் அதற்குரிய சொற்களை உபதேசியாரும் மருத்துவச்சியரும் பிழையறக் கற்றிருத்தல் இன்றியமையாததாயிற்று. சாகுந்தறுவாயில் உள்ளார் செவியிற் செபம் சொல்லுதலும், இறந்தோர் வீட்டிற் செபமாலை ஓதுதலும் அண்டை வீட்டார் கடனாயின. ஞானத்தந்தை, ஞானத்தாய் என்னும் உறவுமுறைகள், பெற்றோர் இல்லாத விடத்தும் குழந்தையின் நம்பிக்கையைப் பேணுதற்கென்றே அமைந்தவை.

சீர்திருத்தச் சபையாரிடத்தும் இல்லமே அடிப்படை. மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவர் தம் வீட்டார்க்கு எளிமையாகக் கற்பித்தற்கு உரியதாக வகுக்கப்பட்டது. 1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு அதனைத் தமிழில் ஆக்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. அதன்பின், செபத்தோடு வேத வாசிப்பும் வீட்டு வழிபாட்டின் உறுப்பாயிற்று. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகள், வாசிப்பறியாதாரும் பாடி மகிழும் மறைக்கல்வியாயின. கத்தோலிக்கர் இல்லத்தில் மணிமாலையும், சீர்திருத்தச் சபையார் இல்லத்தில் வேதநூலும் கீர்த்தனையும் ஒரே பணியைச் செய்தன என்க.

4. சிறார் வழியாகப் பெற்றோர்

நம்பிக்கை மூத்தோரிடமிருந்து இளையோர்க்கே செல்லும் என எண்ணுதல் முற்றும் பொருந்தாது. புனித பிரான்சிசு சவேரியார் 1542 முதல் முத்துக்குளித்துறையிற் பணியாற்றியபோது, செபங்களைத் தமிழில் பெயர்ப்பித்துத் தாம் மனப்பாடம் செய்தார்; மணியடித்துச் சிறுவரைக் கூட்டி அவற்றைக் கற்பித்தார். அச்சிறுவர் தாம் கற்றதை வீடு சென்று பெற்றோர்க்கும் வீட்டார்க்கும் அயலார்க்கும் சொல்லிக் கொடுக்குமாறு ஏவினார். நோயுற்றார் வீடுகட்கும் சிறுவரையே அனுப்பினார். இச்செய்திகள் அவர் தம் மடல்களால் அறியப்படுகின்றன.

1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகள் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கொண்ட சிறு செபநூல். இந்திய மொழியொன்றில் அம்மொழியின் எழுத்தால் அச்சேறிய முதல் நூல்களுள் அஃது ஒன்றாதலைத் தமிழர் பெருமையோடு நினைவர். அடுத்த ஆண்டில் கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' ஆசிரியனும் மாணவனும் வினாவி விடையிறுக்கும் முறையில் அமைந்தது. வினாவிடை முறை வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. தாயும் மகளும் அடுப்படியிலிருந்தே நடத்தத்தக்க முறை அது. தமிழில் அச்சுக்கலை முதன்முதல் இத்தகைய வீட்டுப் பயன்பாட்டு நூல்களோடு தொடங்கியமை, உரைநடை வரலாற்றை ஆய்வார் கருத்திற் கொள்ளத்தக்கது.

5. ஒரு வீட்டில் மூன்று தமிழ்

பழைய கத்தோலிக்கக் குடும்பமொன்றில் மூன்று தலைமுறையினர் ஒருங்கு செபிக்கும்போது செவிமடுப்பார்க்குத் தமிழ்ச் சமயச் சொற்களின் வரலாறே கேட்கும். பாட்டி 'சருவேசுரன்' என்பார். தாய் 'ஆண்டவர்' என்பார். பேத்தி 'கடவுள்', 'இறைவன்' என்பாள். பாட்டிக்குச் 'சேசு', பேத்திக்கு 'இயேசு'. முன்னோர் 'இசுபிரீத்து சாந்து' என்று போர்த்துக்கேயச் சொல்லையே தமிழொலியாற் சொன்னது, பின்னர்ப் 'பரிசுத்த ஆவி' ஆகி, இன்று 'தூய ஆவி' ஆயிற்று. 'அர்ச்சியசிட்ட' என்பது 'புனித' எனவும், 'ஞானஸ்நானம்' என்பது 'திருமுழுக்கு' எனவும், 'பாவசங்கீர்த்தனம்' என்பது 'ஒப்புரவு' எனவும், 'பூசை' என்பது 'திருப்பலி' எனவும் மாறின. 'சம்மனசு' சென்று 'வானதூதர்' வந்தார்.

சபை வேறுபாடும் சொல்லால் விளங்கும். கத்தோலிக்கர் 'செபம்' என எழுத, சீர்திருத்தச் சபையார் 'ஜெபம்' என எழுதுவர். முற்காலத்து வேதநூல் 'பராபரன்' என்னும் சொல்லை ஆண்டது. பிற்காலத்து வேதநூல் 'தேவன்', 'கர்த்தர்' என்பவற்றை நிலைநிறுத்திற்று. இரு சாராரும் இணைந்து ஆக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்து, 'கடவுள்', 'ஆண்டவர்' என்னும் சொற்களைப் பொதுவாக்கிற்று.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. பொருள் விளங்காது ஓதியதைப் பொருளுணர்ந்து ஓத இஃது வழிவகுத்தது. ஆயினும் ஓர் இழப்பும் உண்டு. பாட்டியும் பேத்தியும் ஒரே செபத்தை ஒரே சொல்லாற் சொல்ல இயலாமற் போவதால், சேர்ந்து ஓதும் ஓசை இடையிலே முறிகின்றது. பாட்டி தாம் கற்றது பழுதெனக் கருதி வாய் மூடுதலும் நிகழ்கின்றது. இஃது எளிதில் நீங்கத்தக்க குறையே. பழஞ்சொல் பிழையன்று, அதே பொருளின் முந்தைய உடையே என்பதைப் பேத்திக்கு எடுத்துரைக்க வல்லாரும் அப்பாட்டியே. 'சருவேசுரன்' என்றால் என்ன என்று பேத்தி வினவும் நொடியில், அவ்வீட்டில் ஞானோபதேசம் மீண்டும் தொடங்கிவிடுகின்றது.

6. அயலாரோடு பகிர்தல்

தருமபுரிப் பகுதியில் கிறித்தவர் சிறுதொகையினர். ஒரே தெருவிலும் ஒரே கிணற்றடியிலும் பிற சமயத்தாரோடு கலந்து வாழ்வோர். இத்தகைய சூழலில் நம்பிக்கையைப் பகிர்தல் சொற்போரால் இயல்வதன்று. கிறித்து பிறப்பு நாளில் பலகாரம் அடுத்த வீட்டுக்குச் செல்கின்றது. பொங்கலன்று அடுத்த வீட்டுப் பொங்கல் இவ்வீடு வருகின்றது. கத்தோலிக்கர் தம் கோவில் முற்றத்திலேயே பொங்கலிட்டுப் புதுவிளைச்சலுக்கு நன்றி கூறும் வழக்கமும் பரவியுள்ளது. நோயுற்ற அயலாரைச் சென்று காண்டல், இறந்தோர் வீட்டில் உடனிருத்தல், கடன்பட்டார்க்குக் கைகொடுத்தல் ஆகியவற்றையே அயலார் கண்டு அச்சமயத்தை அளக்கின்றனர்.

திருக்குறளின் இல்லறவியல் இருபது அதிகாரங்களால் ஆயது. அதில் மக்கட்பேறும் விருந்தோம்பலும் ஒருங்கே இடம்பெறுகின்றன. மக்களைப் பேணும் இல்லமே விருந்தினர்க்கும் திறந்த இல்லம் என்னும் கருத்து அவ்வமைப்பிற் பொதிந்துள்ளது. வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர். உபதேசியார்க்கென 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலும் இயற்றியவர். அப்பெயரே நோக்கத்தக்கது. கற்பிப்பவர்க்குக் கல்வியினும் ஒழுக்கத்தை முதன்மையாக்கிய பெயர் அது. அவர்தம் தேம்பாவணிக்குத் தலைவர் வளன் எனப்பட்ட சூசை முனிவர். தச்சுத் தொழிலால் குடும்பத்தைக் காத்த ஒருவரைக் காப்பியத் தலைவராக்கியமை, இல்வாழ்வே சமய வாழ்வின் உயர்நிலம் என்பதைத் தமிழர்க்குத் தமிழ் மரபில் உணர்த்தியதாகும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்னும் கருத்தாற் சுட்டியது. அக்கருத்துக்கு இந்நாட்டில் முன்னரே ஒரு காப்பியம் இருந்தது.

தமிழகக் கத்தோலிக்கரிடையே 'அன்பியம்' எனப்படும் அமைப்பு இன்று வழக்கிலுள்ளது. அண்டையிலுள்ள குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடித் திருவிவிலியம் வாசித்து, தம் இன்ப துன்பங்களைப் பகிர்ந்துகொள்வர். சீர்திருத்தச் சபையாரின் வீட்டு ஜெபக்கூட்டமும் இத்தகையதே.

7. உரைகல்

ஓதிய செபம் உண்மையானதா என்பதை உரைத்துப் பார்க்கும் இடம் ஒன்று இந்நிலத்துக்கே உரியதாக உள்ளது. சேலம், தருமபுரிப் பகுதிகளில் பெண்சிசுக்கொலை என்னும் கொடுமை நிலவியதை நாடறியும். அதனைத் தடுக்கத் தமிழக அரசு 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2001-இல் அது தருமபுரி முதலிய மாவட்டங்கட்கும் விரிந்தது. வரதட்சணைச் சுமையும், மகனே குலங்காப்பான் என்னும் எண்ணமும் அக்கொடுமைக்கு வேர்களாயின. சிறுவயதுத் திருமணமும் அவ்வேரினின்றே கிளைப்பது.

இக்கேடு எச்சமயத்தார்க்கும் தனியுரிமையன்று. எச்சமயத்தாரும் அதனினின்றும் தாமே விலகியவர் எனக் கூறிக்கொள்ளவும் இயலாது. ஒவ்வோர் உயிரும் கடவுளின் சாயல் என நாள்தோறும் ஓதும் குடும்பம், மகள் பிறந்த நாளில் முகம் வாடுமாயின், அக்குடும்பத்துக் குழந்தைகள் எதனைக் கற்பர்? செபத்தையா, வாட்டத்தையா? குழந்தைகள் வாட்டத்தையே விரைந்து கற்பர். மகட்கும் மகற்கும் ஒரே அளவு உணவும் ஒரே பள்ளிப் படிப்பும் அளிக்கும் இல்லத்தில், நம்பிக்கை தனியே கற்பிக்கப்பட வேண்டுவதில்லை. அவ்வுணவு வட்டிலே ஞானோபதேசமாகிவிடுகின்றது. மகனுக்குப் பெண் கொள்ளும்போது வரதட்சணை வேண்டா என்று கூறும் தந்தை, பத்துக் கற்பனைகளுக்குத் தம் வாயால் உரை எழுதுகின்றார்.

8. இன்றைய இடையூறு

வானம் பார்த்த நிலமாகிய இப்பகுதியில் கேழ்வரகும் சாமையும் மாவும் விளைவன. மழை பொய்க்குங்கால் மக்கள் பெங்களூருக்கும் ஒசூர்த் தொழிற்கூடங்கட்கும் பிழைப்பு நாடிச் செல்கின்றனர். தந்தை கட்டட வேலைக்கும் தாய் வீட்டு வேலைக்கும் செல்ல, பிள்ளைகள் ஊரில் பாட்டன் பாட்டியரிடத்தில் வளர்வது பெருவழக்கு. தொழிற்கூடத்தில் பணிமுறை இரவும் பகலும் மாறி வருதலால், வீட்டார் அனைவரும் ஒருங்கு கூடும் அந்திப்பொழுது என ஒன்று இல்லாதாயிற்று. எஞ்சிய பொழுதைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் கொள்கின்றன. ஆங்கிலவழிப் பள்ளியிற் பயிலும் சிறுவர்க்குத் தமிழ்ச் செபம் ஓசையளவில் நிற்கின்றது. இலத்தீன் விளங்காத காலத்தில் தமிழாற் காக்கப்பட்ட நம்பிக்கை, இன்று தமிழே விளங்காத நிலையை எதிர்நோக்குகின்றது.

இந்நிலையில் பழைய முறையின் புறவடிவத்தை அவ்வாறே மீட்க முயலுதல் பயன் தராது. அதன் உட்கூறுகளைக் காத்தல் இயலும். ஒருங்கு கூடும் பொழுது அந்தியாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. இரவுப் பணிக்குச் செல்லும் தந்தை புறப்படுமுன் பிள்ளையின் நெற்றியிற் சிலுவை வரைதல் அரை நொடிச் செயல். அஃது ஒரு வாழ்நாள் நினைவாகும். ஊரிலுள்ள பிள்ளையும் பெங்களூரிலுள்ள தாயும் கைப்பேசி வழியே ஒரே செபத்தைச் சேர்ந்து சொல்லுதலும் இன்று இயல்வதே. முழுச் செபமாலை இயலாவிடின் ஒரு பத்து மணி போதும். ஆனால் அதன் முற்பகுதியைக் குழந்தை சொல்லட்டும். ஓதிய செபத்தின் ஒரு சொல்லையேனும் நாள்தோறும் விளக்குதல், ஒரு நற்செயலையேனும் அதனோடு இணைத்தல் ஆகிய இரண்டும் சேரின் பழைய முறையின் வலிமை திரும்ப வரும்.

9. முடிபு

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தருமபுரிப் பகுதியில் குருமார் அருகிய காலத்திலும் கிறித்தவ நம்பிக்கை அழியாது நின்றமைக்கு, வீட்டில் தமிழால் ஓதப்பட்ட செபம் தலையாய காரணம். அச்செபம் மனப்பாட மரபாலும், முறைமாறி ஓதும் அமைப்பாலும் காக்கப்பட்டது. சொற்கள் தலைமுறைதோறும் மாறின. மாற்றத்தை விளக்கும் பொறுப்பு மூத்தோர்க்கு உண்டு. அயலார்க்கு அந்நம்பிக்கை புலப்படுவது ஒழுக்கத்தால். அவ்வொழுக்கத்தின் உரைகல் பெண்மகவைப் பேணும் முறை.

துபுவா அடிகள் கோவில்களையும் குருமாரையும் எண்ணிப் பார்த்துக் கவலையுற்றார். விளக்கேற்றிய பின் வீடுகளில் எழுந்த தாழ்ந்த குரல்கள் அவர் கணக்கில் ஏறவில்லை. இன்று கோவில்கள் பல உள்ளன. குருமாரும் பலர் உள்ளனர். எண்ணிப் பார்க்க வேண்டுவது அக்குரல்களையே.